எரிவதைப் பிடுங்கினால்

போன மாதம் அக்கா போனில் கேட்டாள்: "ரத்தத்துல எல்லாம் நார்மலாம்டா. சிஆர்பி நார்மல், ஈஎஸ்ஆர் நார்மல். அப்புறம் ஏன் இந்த ரெண்டு விரல் மட்டும் வீங்கியே கிடக்கு?"

அவள் சொன்ன இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனைகள். அவளுக்கு முடக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. டாக்டர்கள் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். அவள் 'ஆர்ஏ' என்று சுருக்கிவிட்டாள், வீட்டோடு வந்து தங்கிவிட்ட தூரத்து உறவுக்காரரைச் சொல்வதுபோல. முதலில் போட்ட, டிஎன்எஃப் என்ற அழற்சிச் செய்திப் புரதத்தைத் தடுக்கும் ஊசி ஒரு வருடம் நன்றாகக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இப்போது வேறு ஊசி. முன்பெல்லாம் காலையில் எழுந்து ஒரு சட்டைப் பொத்தானைப் போட ஒரு மணி நேரம் விரல்களோடு மல்லுக்கட்டியவள், இப்போது பத்து நிமிடத்தில் எழுந்து வேலையைப் பார்க்கிறாள். ஆனால் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் அந்த இரண்டு முட்டிகள் மட்டும் எதற்கும் மசியவில்லை.

"உடம்புக்கு உடம்பு மாறும்க்கா, டாக்டர்கிட்ட கேளு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்களைக் குடுவையில் வளர்ப்பதுதான் இரண்டு வருடம் என் வேலையாக இருந்தது. அவள் கேட்டதைத்தான் நாங்களும் அந்தச் செல்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தர வேண்டியிருந்த நீளமான பதிலை இங்கே எழுதுகிறேன். (நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.)

மூட்டு என்றதும் எலும்பும் குருத்தெலும்பும்தான் நினைவுக்கு வரும். பாடப்புத்தகப் படத்திலும் அவைதான் பெரிதாக இருக்கும். ஓரத்தில் மெல்லியதாக ஒரு கோடு போட்டு 'சினோவியம்' என்று எழுதியிருப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள்கூட அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கோடுதான் மூட்டின் உள்ளுறை.

நல்ல நிலையில் உள்ள மூட்டில் இந்த உறையின் மேல்வரிசை ஒன்று முதல் மூன்று செல் தடிமன்தான் இருக்கும். அதில் இரண்டு வகைச் செல்கள். ஒன்று மேக்ரோஃபேஜ் வகை. குப்பை அள்ளுவது, காவல் இருப்பது இதன் வேலை. இன்னொன்று ஃபைப்ரோபிளாஸ்ட் வகை. நான் வளர்த்தது இதைத்தான். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து பெரும்பாலும் மூட்டுநீர் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அந்த நீருக்கு வழவழப்பைக் கொடுக்கும் ஹயலூரானிக் அமிலத்தையும் லூப்ரிசின் என்ற புரதத்தையும் சுரப்பது இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்தான். முழங்கால் போன்ற பெரிய மூட்டிலேயே அந்த நீர் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் அதற்கு 'சினோவியா' என்று பெயர் வைத்தவர் பாராசெல்சஸ். அது முட்டையின் வெள்ளைக்கருவை ஒத்திருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்பார்கள். ஒப்புமை சரிதான். நல்ல மூட்டுநீரில் ஒரு சொட்டை விரலில் தொட்டு இழுத்தால் நூல்போல நீண்டுகொண்டே வரும். அழற்சி பிடித்த மூட்டின் நீரை எடுத்துப் பாருங்கள், வெறும் தண்ணீராகச் சொட்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். குடலின் உள்வரிசைக்கும் ரத்தக் குழாயின் உள்வரிசைக்கும் அடியில் ஒரு தளச் சவ்வு இருக்கும், அஸ்திவாரம் மாதிரி. மூட்டின் உள்ளுறைக்கு அது கிடையாது. செல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சுவர். பிடித்துக்கொள்ள உதவும் கொக்கிக்குப் பெயர் கேட்ஹெரின்-11. 2007ல் வந்த ஒரு ஆய்வில், இந்தக் கொக்கிக்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்கு உள்ளுறையே ஒழுங்காக உருவாகவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த எலிகளுக்கு மூட்டழற்சியைத் தூண்டிப் பார்த்தபோது அவ்வளவாக வரவும் இல்லை. உறை சரியாக இல்லாத மூட்டில் நோய்க்கும் பிடிமானம் கிடைக்கவில்லை.

முடக்குவாதத்தில் இந்த ஒன்று முதல் மூன்று வரிசை, பத்து பன்னிரண்டு வரிசையாகத் தடிக்கும். கீழே புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கும், வெள்ளணுக்கள் வந்து குவியும். தடித்த உறை குருத்தெலும்பின் ஓரத்திலிருந்து அதன்மேல் ஏறிப் படரத் தொடங்கும். இப்படிப் படரும் திசுவுக்கு 'பேனஸ்' என்று பெயர். லத்தீனில் துணி என்று அர்த்தம். குருத்தெலும்பைக் காக்கவும் ஊட்டவும் இருந்த உறையே அதை அரிக்க ஆரம்பிக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது. மேயச் சொல்லி வேலிக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது, அதுதான் கேள்வி.

ஆய்வகத்துக்குத் திசு ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் வரும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்தது. நோயாளியின் சம்மதத்தோடு வருவது, பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். பளபளப்பான மெல்லிய சவ்வை எதிர்பார்த்துப் போனவனுக்கு முதல் நாள் அதிர்ச்சி. செம்மஞ்சள் நிறத்தில், கடலடிப் பாசி மாதிரி, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கத்திரியால் பொடிப்பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற நொதியில் ஊற வைப்போம். கொலாஜன் இழைகளைக் கரைத்துச் செல்களை விடுவிக்கும் நொதி அது. நாங்கள் வாங்கியது பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஆனால் நாங்கள் விடுவித்த செல்கள் நோயாளியின் மூட்டுக்குள் அதுவரை செய்துகொண்டிருந்ததும் அதே வகை வேலைதான். சொந்தக் கொலாஜினேஸைச் சுரந்து குருத்தெலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தவை அவை. இந்த விசித்திரம் எனக்கு உறைக்கவே நாலைந்து மாதம் ஆனது.

முதல் வாரம் குடுவையில் எல்லாம் கலந்து கிடக்கும். வெள்ளணுக்கள் பெருகாமல் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். மூன்று நான்கு முறை குடுவை மாற்றிய பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும்தான் மிஞ்சும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீண்டு, இரண்டு முனையும் கூராக, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, காற்றடித்த புல்வெளி மாதிரி இருக்கும். பார்க்க அத்தனை சாது.

இப்போது அவற்றுக்கு டிஎன்எஃப் கொடுக்க வேண்டும். குப்பியைத் திறந்தால் உள்ளே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடியில் ஒட்டியிருக்கும் சில மைக்ரோகிராம் பொடி, அவ்வளவுதான். காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்களோ என்று முதல் முறை சந்தேகப்படாதவர்கள் குறைவு. அதைக் கரைத்து, செல்கள் மூழ்கியிருக்கும் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்ற அளவில் சேர்ப்போம். புரியும்படி சொன்னால், 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கலந்த கணக்கு.

முதல் சோதனையில் நான் சொதப்பினேன். செல்கள் இருக்கும் தட்டில் டிஎன்எஃப் போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் பெரிய வித்தியாசமே வரவில்லை. ஒரு வார வேலை வீண். செல்களுக்குத் தீனியாக ஊற்றும் சீரத்திலேயே (ரத்தத்தின் தெளிந்த நீர்) அவற்றை உசுப்பும் சரக்கு நிறைய இருக்கிறது. சோதனைக்கு முன் சீரத்தைக் குறைத்துச் செல்களை ஒரு நாள் பட்டினி போட்டு அடக்கி வைத்திருக்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். ஆய்வகத்தை நடத்திய மேடம் திட்டவில்லை. "பசிக்க வைக்காம கேள்வி கேட்டா செல்லு பொய்தான் சொல்லும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்தேன். 24 மணி நேரம் கழித்து மேலே நிற்கும் நீரை எடுத்து, ஐஎல்-6 என்ற இன்னொரு அழற்சிச் செய்திப் புரதம் எவ்வளவு என்று அளந்தேன். இந்தச் சோதனையில் கடைசியில் ஒரு நிறம் வரும். முதலில் நீலம், அமிலம் விட்டதும் மஞ்சள். டிஎன்எஃப் படாத குழிகளில் வெளிறிய மஞ்சள், இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். டிஎன்எஃப் பட்ட குழிகளில் அடர்மஞ்சள். கருவி அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. நீரை நூறு மடங்கு நீர்க்கச் செய்து திரும்ப அளந்தேன். தொடுவதற்கு முன்னால் அத்தனை சாதுவாகப் படுத்திருந்த அதே செல்கள்தான் இவை.

அந்த 24 மணி நேரத்தில் செல்லுக்குள் நடப்பதை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஃப் செல்லின் மேல்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து உட்காரும். உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் எப்போதும் தயாராக இருக்கிறது, ஆனால் ஐகப்பாபி என்ற இன்னொரு புரதம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஏற்பியிலிருந்து வரும் சங்கிலித்தொடர் உத்தரவில் அந்தப் பூட்டு சிதைக்கப்படும். சில நிமிடங்களில் என்எஃப்-கப்பா-பி கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்க ஆரம்பித்துவிடும். 1986ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர். அவர்கள் தேடியது மூட்டு நோயை அல்ல, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களில் ஒரு மரபணு எப்படி இயங்குகிறது என்பதை. பெயரில் 'கப்பா' ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். இயக்கப்படும் மரபணுக்களின் பட்டியலில் ஐகப்பாபியும் உண்டு. அதாவது உடைத்த பூட்டைத் திரும்பச் செய்து வைக்கவும் அதே உத்தரவில் ஏற்பாடு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

உசுப்பப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் என்னவெல்லாம் செய்கிறது? ஐஎல்-6 சுரக்கிறது. வெள்ளணுக்களை ரத்தத்திலிருந்து இழுக்கும் அழைப்புப் புரதங்களை, ஐஎல்-8 போன்றவற்றை, அனுப்புகிறது. புரோஸ்டகிளாண்டின் ஈ2 சுரக்கிறது. வலி நரம்புகளைக் கூச வைப்பது இதுதான். வலி மாத்திரைகள் தடுப்பதும் இது உருவாவதைத்தான். அதனால்தான் அவை வலியைக் குறைத்தாலும் எலும்பு அரிப்பை நிறுத்துவதில்லை. எம்எம்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதிகளைச் சுரக்கிறது, அவை கொலாஜனை வெட்டுகின்றன. ராங்க்-எல் என்ற புரதத்தைக் காட்டி, எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உருவாக்குகிறது. ஒரே செல்லிடமிருந்து இத்தனையும்.

இதில் டிஎன்எஃப் தனியாக வருவதில்லை. கூடவே மேக்ரோஃபேஜ் சுரக்கும் ஐஎல்-1 வரும், டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் சுரக்கும் ஐஎல்-17 வரும். டிஎன்எஃப்போடு ஐஎல்-17 சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை, அதற்கும் மேலே போகிறது. ஐஎல்-6 கொஞ்சம் வேடிக்கையான ஆசாமி. அதைக் கொட்டிக் கொட்டிச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்டிடம் அதற்கான ஏற்பி மிகக் குறைவு. ஆனால் மூட்டுநீரில் அந்த ஏற்பியின் துண்டுகள் மிதக்கின்றன. ஐஎல்-6 அந்தத் துண்டோடு ஜோடி சேர்ந்து வந்து செல்லில் உள்ள ஜிபி130 என்ற இன்னொரு புரதத்தைத் தட்டுகிறது. வாசல் சாவி இல்லாதவர் மிதந்து வந்த சாவியை எடுத்துத் திறப்பதுபோல.

டாக்டர்கள் எப்போதும் முதலில் கேட்கும் காலை இறுக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முடக்குவாதம் உள்ளவர்களின் ரத்தத்தில் ஐஎல்-6 விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அது அலாரம் வெச்சு எந்திரிக்குதா?" என்றாள்.

*

செல்லுக்கு உத்தரவு வெளியிலிருந்து வருகிறது என்பதே ஒரு காலத்தில் தெரியாது. 1976ல் பாஸ்டனில் ஜான்-மிஷேல் டாயரும் ஸ்டீபன் கிரேனும் அவர்கள் கூட்டாளிகளும் முடக்குவாத மூட்டின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அவை கொலாஜினேஸும் புரோஸ்டகிளாண்டினும் சுரப்பதைக் காட்டினார்கள். ஆனால் குடுவை மாற்ற மாற்றச் செல்கள் அடங்கிப் போயின. அடுத்த வருடம், ரத்த வெள்ளணுக்கள் வளர்ந்த நீரை மட்டும் எடுத்து அடங்கிய செல்கள்மேல் ஊற்றினார்கள். மறுபடி சுரக்க ஆரம்பித்துவிட்டன. நீரில் ஏதோ ஒரு செய்தி இருந்தது. அதே 1977ல் கேம்பிரிட்ஜின் ஸ்டிரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் ஆனர் ஃபெல் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். பன்றியின் மூட்டு உறையையும் குருத்தெலும்பையும் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே தட்டில் வளர்த்தால்கூட குருத்தெலும்பு கரைந்தது. இங்கே குருத்தெலும்பின் உயிருள்ள செல்களே உறையிடமிருந்து வந்த செய்தியைக் கேட்டுத் தம்மைச் சுற்றியுள்ளதைக் கரைத்தன. அந்த மர்மப் பொருளுக்குக் கேட்டபாலின் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், பாஸ்டனில் தேடியதும் கேம்பிரிட்ஜில் தேடியதும் ஐஎல்-1 தான். அந்த இரண்டு கூட்டமும் கையில் வைத்திருந்த எளிய கருவிகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

1980களில் சைட்டோகைன் (செல்கள் அனுப்பும் இந்த மாதிரிச் செய்திப் புரதங்கள்) பட்டியல் நீண்டுகொண்டே போனது. நீள நீள நம்பிக்கை குறைந்தது. மூட்டுக்குள் பத்துப் பதினைந்து செய்திப் பொருள்கள் ஒன்றாக இருக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன், மற்றவை அந்த வேலையைச் செய்துவிடாதா? நியாயமான சந்தேகம். லண்டனில் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் இருந்த குழு 1989ல் ஒரு சோதனை செய்தது. நோயாளியின் மூட்டு உறையை எல்லாச் செல்களோடும் கலந்தபடியே வளர்த்து, அதில் டிஎன்எஃப்பை மட்டும் எதிர்ப்பொருளால் கட்டிப்போட்டார்கள். டிஎன்எஃப் அடங்கியதோடு ஐஎல்-1 உற்பத்தியும் சேர்ந்து விழுந்தது. ஆக, அவை தனித்தனி அல்ல. ஒன்று எரிய, அதன் சூட்டில் மற்றவை கொதிக்கின்றன.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நாம் சொல்வது அப்படியே இதற்குப் பொருந்தும். 1992ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஏற்றினார்கள். முதல் சோதனையில் 20 பேர். வேறு மருந்துகளுக்கு மசியாதவர்கள். பலருக்குச் சில நாட்கள், வாரங்களிலேயே வலியும் வீக்கமும் இறங்கின. அந்த எதிர்ப்பொருள்தான் இன்று இன்ஃப்ளிக்ஸிமாப். அமெரிக்காவில் 1998ல் எடனர்செப்ட், 1999ல் இன்ஃப்ளிக்ஸிமாப் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றன. ஐஎல்-6 பக்கம் ஜப்பானில் ததமித்சு கிஷிமோட்டோ குழு வேலை செய்தது. 1986ல் அதன் மரபணுவைப் பிரித்தார்கள், 2008ல் டோசிலிசுமாப் அங்கே முடக்குவாதத்துக்கு வந்தது.

இங்கே ஒரு சின்ன நெருடல். டாயரும் ஃபெல்லும் அத்தனை பாடுபட்டுத் தேடிய ஐஎல்-1ஐத் தடுக்கும் மருந்தும் 2001ல் வந்தது. முடக்குவாதத்தில் அது டிஎன்எஃப் தடுப்பு அளவுக்குச் சோபிக்கவில்லை. குடுவையில் ஐஎல்-1 கொடுத்தால் செல்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பி38 என்ற உள்செய்தி நொதியைத் தடுக்கும் மருந்துகளும் அப்படித்தான்: குடுவையில் பிரமாதம், எலியில் பிரமாதம், நோயாளிகளிடம் தோல்வி. குடுவையை அளவுக்கு மீறி நம்பாதே என்று என் இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் உரக்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சரி, எரிவதைப் பிடுங்கியாயிற்று. அக்காவின் இரண்டு முட்டிகளில் ஏன் இன்னும் கொதிக்கிறது?

முன்னே சொன்ன பூட்டுக்கு வருகிறேன். மேக்ரோஃபேஜுக்கு டிஎன்எஃப் கொடுத்தால் அது கொஞ்ச நேரம் துள்ளும், பிறகு பூட்டுகள் திரும்ப மாட்டிக்கொள்ளும். மறுபடி உசுப்பினால் முன்போல எகிறாது, பழகிவிடும். உடம்பு தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமல் இருக்க இந்தப் பழக்கம் தேவை. மூட்டு ஃபைப்ரோபிளாஸ்டுக்கு இது சரியாக வருவதில்லை. 2013ல் வெளிவந்த ஒரு ஆய்வு முடக்குவாத ஃபைப்ரோபிளாஸ்டில் டிஎன்எஃப்பின் விளைவு நாட்கணக்கில் இறங்காமல் நிற்பதைக் காட்டியது. உள்செய்தி ஓயவில்லை, ஐஎல்-6 போன்றவற்றின் ஆர்என்ஏ நகல்களும் சீக்கிரம் சிதையாமல் தாக்குப்பிடித்தன.

நாங்களும் ஒன்று செய்து பார்த்தோம். ஒரு தட்டுச் செல்களுக்கு ஒரு நாள் டிஎன்எஃப் கொடுத்து, மூன்று முறை கழுவி, இரண்டு நாள் சும்மா விட்டோம். இன்னொரு தட்டு எதையும் பார்க்காதது. பிறகு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு டிஎன்எஃப். ஏற்கெனவே ஒரு முறை பட்ட செல்கள்தான் அதிகம் சுரந்தன. மேடத்துக்கு இது புதிதில்லை. இப்படிச் சோதித்தவர்கள் முன்பே இருக்கிறார்கள், மூட்டுச் செல்லில் வரும் இந்தக் குணம் தோலின் ஃபைப்ரோபிளாஸ்டில் வரவில்லை என்பது வரை பார்த்திருக்கிறார்கள். எனக்குப் புதிது. தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு வரிசை மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் அந்தச் செல்களைச் சுற்றி டிஎன்எஃப்பே இல்லை. ஆனால் ஒரு முறை பட்டது உள்ளே எங்கோ குறித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் குறிப்பு டிஎன்ஏ எழுத்துகளில் இல்லை. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. எந்த மரபணு இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது, எது கை எட்டும் தூரத்தில் அவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதில். நீண்ட அழற்சியில் இருந்த செல்லில் சண்டைக்கான பக்கங்கள் அவிழ்ந்தே கிடக்கின்றன. முடக்குவாத ஃபைப்ரோபிளாஸ்டின் டிஎன்ஏவில் மெத்தில் குறிகள் பொதுவாகக் குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அந்தக் குறிகள் இருந்தால்தான் பல மரபணுக்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிக வலுவான சாட்சி 1996ல் வந்தது. எதிர்ப்பு சக்தியே இல்லாத எலிகளுக்குள், மனிதக் குருத்தெலும்புத் துண்டோடு முடக்குவாத ஃபைப்ரோபிளாஸ்டை வைத்துத் தைத்தார்கள். உசுப்பிவிட டி செல் இல்லை, மனித மேக்ரோஃபேஜ் இல்லை. ஆனாலும் அவை குருத்தெலும்புக்குள் துளைத்துக்கொண்டு போயின. 2009ல் இன்னும் ஒரு படி மேலே. எலியின் ஒரு பக்கத்தில் செல்களோடு ஒரு குருத்தெலும்புத் துண்டும், மறுபக்கத்தில் செல் இல்லாமல் ஒரு துண்டும் வைத்தார்கள். செல்கள் ரத்தத்தின் வழியாகப் பயணம் செய்து மறுபக்கத் துண்டையும் போய் அரித்தன. நோய் ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் பரவுகிறது என்பதற்கு இது ஒரு வழியாக இருக்கலாம். அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

டாயரின் செல்கள் குடுவையில் அடங்கிப் போயினவே, இங்கே அடங்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் உண்மைதான். செய்தி நின்றால் சுரப்பு குறைகிறது, சுபாவம் போவதில்லை. என் செல்களும் அப்படித்தான், தொடும்வரை சாது.

உறையின் எல்லா ஃபைப்ரோபிளாஸ்டும் ஒரே மாதிரியும் இல்லை. 2019ல் எலிகளில் செய்த ஒரு ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. உறையின் மேல்வரிசையில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்டை எடுத்து அழற்சி பிடித்த மூட்டில் விட்டால் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்பட்டன, வீக்கம் பெரிதாகக் கூடவில்லை. அடிவரிசையில் இருப்பதை விட்டால் வீக்கம் கூடி நீடித்தது, அரிப்பு அவ்வளவாக இல்லை. வீக்கமும் அரிப்பும் வேறு வேறு கைகளின் வேலை. வீக்கம் அடங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருப்பவரின் எக்ஸ்ரேயில் சில சமயம் புதிய அரிப்பு தெரிவதைப் பற்றி டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

ஏன் இரண்டு விரல் மட்டும் என்பதற்கும் ஒரு துண்டு பதில் உண்டு. கருவில் உடல் உருவாகும்போது இது கை, இது கால் என்று செல்களுக்கு முகவரி எழுதும் மரபணுக்கள் இருக்கின்றன. அந்த முகவரி வளர்ந்த மனிதரின் மூட்டு ஃபைப்ரோபிளாஸ்டிலும் அழியாமல் இருப்பதை 2017ல் காட்டினார்கள். கை மூட்டின் செல்லும் முழங்காலின் செல்லும் ஒரே வேலையைச் செய்தாலும் ஒரே ஆள் அல்ல; ஒரே செய்திக்கு ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த திசுவில் பெரும்பாலானவை முழங்கால்தான். அறுவை சிகிச்சை அங்கேதானே அதிகம். விரல் முட்டியின் செல்லை நான் பார்த்ததே இல்லை.

இன்றுள்ள மருந்துகளில் ஸ்டீராய்டு எல்லோரையும் ஒரே அதட்டாக அதட்டும். சைட்டோகைன் தடுப்பு ஊசிகள் செய்தியை வழிமறிக்கும். 2012லிருந்து வந்துகொண்டிருக்கும் ஜாக் தடுப்பு மாத்திரைகள் செல்லுக்குள் செய்தி போகும் ஒரு பாதையை அடைக்கும். செய்தியைக் கேட்டுக் கெட்டுப்போன ஃபைப்ரோபிளாஸ்டை மட்டும் குறி வைத்து, அதன் ஞாபகத்தை அழிக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதற்காகச் செய்தியை வழிமறிப்பதைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. அக்கா பொத்தான் போடுவது அதனால்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. காசநோய்க் கிருமியை உடம்பு சிறை வைத்திருக்கும் சுவரைக் காப்பதும் இதே டிஎன்எஃப்தான். ஊசி தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை கட்டாயம் கேட்பது அதனால்.

சிஆர்பி கணக்கைச் சொல்லாமல் விட்டால் அக்கா விடமாட்டாள். சிஆர்பி மூட்டில் உருவாவது இல்லை, கல்லீரலில் உருவாகிறது. அதைச் செய்யச் சொல்லிக் கல்லீரலுக்குப் போகும் முக்கிய உத்தரவு ஐஎல்-6. அக்கா இப்போது போட்டுக்கொள்வது ஐஎல்-6இன் ஏற்பியை அடைக்கும் ஊசி. உத்தரவு கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஆகவே அவளுக்கு சிஆர்பி நார்மலாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, மூட்டில் என்ன நடந்தாலும் அது அநேகமாக நார்மலாகத்தான் இருக்கும். ஈஎஸ்ஆரும் கூடவே இறங்கும். இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு ரத்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது என்பது மூட்டு டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள்.

போன வாரம் அந்த ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் குளிர்ந்த ஜெல்லை முட்டியில் தடவி, பேனா மாதிரி மெலிந்த கருவியை அழுத்தாமல் வைத்தார். திரையில் எலும்பு பளிச்சென்று வெள்ளைக் கோடாக வந்தது. அதன் மேலே, கோடாக இருந்திருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும் மேட்டுக்குள் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் மினுக்கின.

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அந்தச் சிவப்பாத் துடிக்குதே, அதுவாடா நீ வளர்த்தது?"

"இல்லக்கா, அது ரத்தக் குழாய். அதைச் சுத்தி அசையாம சாம்பலா இருக்கு பாரு, அதுதான்."